பெயர்தான் வாயுக்கோள்

போன இதழில் வியாழனைப் பற்றி எழுதும்போது "வாயுக்கோள்" என்ற சொல்லைப் போகிற போக்கில் போட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு கடிதங்கள் வந்துவிட்டன. ஒரு பள்ளி மாணவர் வியாழனைக் குறுக்கே வெட்டிய படம் ஒன்றைக் கோடுபோட்ட தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறார். நடுவில் பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டைப் பாறை, அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் வாயு. கீழே, "சரியா டீச்சர்?" என்று ஒரு வரி.

தம்பி, சரியில்லை. உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. பிளஸ் டூ வகுப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் இதே படத்தைக் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்தவள் நான். இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, இந்த ஒரு சொல்லுக்கே பக்கம் முழுவதையும் தருகிறேன்.

ஊதுபத்திப் புகை ஒரு நிமிடத்தில் காணாமல் போகிறது. வியாழன் வாயு என்றால் அதுவும் கலைந்து போயிருக்க வேண்டாமா?
*(ஓர் இல்லத்தரசி, கரூர்)*

புகையை இழுத்துப் பிடித்து வைக்க உங்கள் பூஜையறையில் ஒன்றுமில்லை. வியாழனிடம் 318 பூமிகளின் நிறை இருக்கிறது. அதன் பிடியிலிருந்து தப்ப வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேகங்களின் உச்சியில் உள்ள குளிரில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டரைத் தொடுவதே பெரிது. பூமியிலிருந்து தப்ப 11 கிலோமீட்டர் போதும். நம் வளிமண்டலத்தின் உச்சி நல்ல சூடும்கூட. அதனால்தான் நம்மிடம் ஹைட்ரஜன் தங்குவதில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது.

வியாழன் முழுக்க வாயுதான் என்றால், ஒரு விண்கலம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடலாமே?
*(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)*

நல்ல கேள்வி. பதிலை அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன்.

"கேஸ் வந்துவிட்டது" என்கிறோம். ஆனால் அந்த 14.2 கிலோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும்போது உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். அதில் இருப்பது பெரும்பாலும் திரவம்தான். அழுத்தி அடைத்ததால் திரவமாகி, திறந்தால் வாயுவாகி வருகிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். மேலே வெறும் வாயு இருக்கும் பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் இருக்கும் பகுதி ஈரமாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே அழகாக ஒரு கோடு தெரியும்.

வியாழனும் இப்படித்தான், பெயர் வாயு, உள்ளே அழுத்தப்பட்ட சரக்கு. ஆனால் ஓரிடத்தில் உவமை உடைந்துவிடும். சிலிண்டரில் தெரிகிற அந்தக் கோடு வியாழனில் இல்லை. ஹைட்ரஜனை மைனஸ் 240 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும், "இது வரை வாயு, இதற்குக் கீழே திரவம்" என்று ஒரு மட்டம் உண்டாகாது. வியாழனின் மேகங்கள் இருக்கும் இடமே அதைவிட நூறு டிகிரிக்கு மேல் சூடு. ஆகவே இறங்க இறங்கக் காற்று கெட்டியாகிக்கொண்டே போகும். எந்த நொடியில் அது திரவமானது என்று யாராலும் சொல்ல முடியாது. கடலும் இல்லை, கரையும் இல்லை, கால் வைக்கத் தரையும் இல்லை.

நுழைந்து பார்த்த கலம் ஒன்று இருக்கிறது. 1995 டிசம்பர் 7 அன்று, கலிலியோ விண்கலம் கொண்டுபோய் விட்ட 339 கிலோ ஆய்வுக்கலம் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனின் காற்றுக்குள் பாய்ந்தது. அதன் வெப்பக் கவசத்தில் பாதிக்கு மேல் எரிந்தே போயிற்று. பிறகு பாராசூட் விரிந்தது. ஏறத்தாழ 58 நிமிடங்கள் அளந்து அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியாக அது இருந்த இடத்தில் அழுத்தம் நம் தரையில் இருப்பதைப்போல 22 மடங்கு, வெப்பம் 150 டிகிரிக்கு மேல். அதோடு பேச்சு நின்றுவிட்டது. இறங்கிய ஆழம் சுமார் 150 கிலோமீட்டர். வியாழனின் ஆரம் 71,000 கிலோமீட்டருக்கு மேல். தேங்காயின் மேல் நகத்தால் கீறியதற்குச் சமம்.

அதற்குப் பிறகும் கலம் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும். முதலில் பாராசூட் உருகும், பிறகு அலுமினியம், கடைசியில் டைட்டானியக் கூடும் ஆவியாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வியாழன் எதனால் ஆனது என்ற பட்டியலின் கடைசி வரியில் பூமியின் டைட்டானியமும் கொஞ்சம் சேர்த்தி.

அந்தப் பாதையைத் தொடர்ந்தால் என்ன வரும்? மேகத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் கீழே, அழுத்தம் பத்து லட்சம் வளிமண்டலங்களைத் தாண்டும்போது, ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்க முடியாமல் கைவிட்டுவிடுகிறது. எலக்ட்ரான்கள் அவிழ்ந்து திரியத் தொடங்கினால் அதற்கு உலோகம் என்றுதான் பெயர். பாதரசம்போல ஓடுகிற உலோகம், ஆனால் ஹைட்ரஜனால் ஆனது. வியாழனின் பெரும்பகுதி இதுதான்.

தனிம வரிசை அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் உலோகம். அந்த வரிசையின் உச்சியில் ஹைட்ரஜன் வாயுவுக்கு என்ன வேலை?" நான் எலக்ட்ரான் கணக்கைச் சொல்லிச் சமாளிப்பேன். வியாழனைக் காட்டியிருக்க வேண்டும். இயற்பியலாளர்கள் விக்னரும் ஹண்டிங்டனும் 1935-இலேயே ஹைட்ரஜன் உலோகமாகும் என்று கணித்துவிட்டார்கள். 1996-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் திரவ ஹைட்ரஜனை 14 லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு அதிர்ச்சி அலையால் இடித்துப் பார்த்தார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட அது நிலைக்கவில்லை. ஆனால் அதற்குள் உலோகத்தைப்போல மின்சாரத்தைக் கடத்திவிட்டது. பூமிக்கு உருகிய இரும்பு காந்தப்புலம் தருகிறது. வியாழனுக்கு இந்த ஹைட்ரஜன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாயுக்கோளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "வாயு ராட்சதர்" (gas giant) என்ற பெயரை வைத்தது எந்த வானியலாளரும் அல்ல. 1952-இல் ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் தம் கதைக்காகப் போட்ட சொல் அது. கதை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்துப் பாடப்புத்தகத்தில் வைத்த நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

யாரும் போனதில்லை, தோண்டியதில்லை. உள்ளே இது இருக்கிறது, அது இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறீர்கள். நீங்கள் அளந்து பார்த்தீர்களா?
*(ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர், நாகர்கோவில்)*

அளந்தேன், அண்ணாச்சி. முழுவதையும் அல்ல, முதல் படியை.

எங்கள் மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் நான்கு புள்ளிகள் தெரியும், அதன் பெரிய நிலவுகள். எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது அயோ. அது வியாழனின் நிழலுக்குள் நுழையும்போது விளக்கு அணைவதுபோல மங்கி மறையும். அந்த நேரத்தை ஒரு பழைய மளிகைக் கணக்கு நோட்டில் குறித்துவைப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 7.40-க்கு அணைந்தது. அடுத்த மூன்று முறைகளில் இரண்டு பகலில் போய்விட்டன; ஒன்று விடியற்காலை மூன்று மணிக்கு, அப்போது நான் தூங்கிவிட்டேன். மறு செவ்வாய் இரவு 9.30-க்கு மீண்டும் பிடித்தேன். ஏழு நாள், ஒரு மணி 50 நிமிடம். நான்கால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 42 மணி 27 நிமிடம்.

இப்போது ஒப்பிடுங்கள். நம் நிலா பூமியிலிருந்து 3,84,000 கிலோமீட்டர் தள்ளி நின்று, ஒரு சுற்றுக்கு 27.3 நாள் எடுத்துக்கொள்கிறது. அயோ வியாழனிலிருந்து 4,22,000 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே தொலைவுதான், ஆனால் இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டுமென்றால் நடுவில் இருப்பவரின் இழுவை எவ்வளவு இருக்க வேண்டும்? கால அளவுகளின் விகிதத்தை இருமடிக்கு உயர்த்தி, தொலைவுகளின் விகிதத்தை மும்மடிக்கு உயர்த்திப் பெருக்கினால் 315-ஐ ஒட்டி விடை வரும். சரியான எண் 318. மளிகை நோட்டுக்கு இது போதும்.

நிறை 318 மடங்கு. ஆனால் பருமன் 1,300 மடங்கு. அப்படியானால் வியாழனின் அடர்த்தி பூமியினுடையதில் நான்கில் ஒரு பங்குதான். இந்த "நான்கில் ஒரு பங்கு" நியூட்டனுக்கே தெரியும். இதே வழியில் அவரும் கணக்குப் போட்டிருக்கிறார். இன்றைய எண்ணில், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம். தேனைவிடச் சற்று லேசு. அவ்வளவு பெரிய உடம்பு தன் எடையாலேயே நசுங்கிக் கிடக்கும்போதும் தேன் கனம்கூட இல்லை என்றால், பாறையாகவோ இரும்பாகவோ இருக்கவே முடியாது. உலகத்திலேயே லேசான பொருளை எடுத்துத்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும். அது ஹைட்ரஜன்.

அடுத்தது ஹீலியம். இதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று வந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்குப் பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சன் வந்திறங்கினார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டோடு அது பொருந்தவில்லை. அதுவரை பூமியில் யாரும் கண்டிராத பொருள். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று அழைத்தார்கள். 1895-இல்தான் வேதியியலாளர் ராம்சே அதைப் பூமியில் பிடித்தார்.

வியாழனில் அதை அளந்தது மேலே சொன்ன ஆய்வுக்கலம். இரண்டு வாயுக்களின் வழியாக ஒளியை அனுப்பி, ஒளிவிலகல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ஒரு குறுக்கீட்டு மானி அதில் இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் இருட்டறைக்குள் பட்டைகளை எண்ணுவோமே, அதே தத்துவம். நூறு மூலக்கூறுகளில் 86 ஹைட்ரஜன், 13 அல்லது 14 ஹீலியம் என்று விடை வந்தது. மீத்தேன், அம்மோனியா, நீராவி எல்லாம் மிச்சத்தில்.

ஆனால் கணக்கு உதைத்தது. சூரியனும் வியாழனும் ஒரே மேகத்திலிருந்து பிறந்தவை. ஹைட்ரஜன்-ஹீலியக் கலவையின் எடையில் ஹீலியம் நூற்றுக்கு 27 இருந்திருக்க வேண்டும். வியாழனின் மேல்காற்றில் அதே எடைக் கணக்கில் 23 சொச்சம்தான். நியான் இன்னும் மோசம், சூரியனில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. எங்கே போயிற்று? மழையாகப் பெய்துவிட்டது. உள்ளே ஹைட்ரஜன் உலோகமாகும் இடத்தில் ஹீலியம் அதோடு ஒட்டுவதில்லை, ரசத்தில் எண்ணெய்போலத் துளித்துளியாகப் பிரிகிறது. எண்ணெய் மேலே மிதக்கும். ஹீலியத் துளியோ கனம், கீழே இறங்கும். நியான் அந்தத் துளிகளில் கரையும் குணமுள்ளது, கூடவே போய்விடுகிறது. சனியில் இந்த மழை இன்னும் பலம். சூரியனிடமிருந்து பெறுவதைவிடக் கூடுதலான வெப்பத்தைச் சனி வெளியே விடுவதற்கு, மழை விழும்போது பிறக்கும் அந்தச் சூடும் ஒரு காரணம்.

இனி நடுவில் இருக்கும் பாறை. ஜூனோ விண்கலம் 2016 ஜூலையில் வியாழனை அடைந்து, நீள்வட்டப் பாதையில் அதன் மேகங்களை உரசிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும், உள்ளே எங்கே கனம் கூடுதலோ அங்கே இழுவை ஒரு மயிரிழை மாறும். கலத்தின் வேகமும் மாறும். அது அனுப்பும் ரேடியோ அலையில் அந்த மாற்றம் தெரியும். அப்படித் தடவிப் பார்த்ததில், கரும்பலகையில் நான் வரைந்த உருண்டைக் கல் அங்கே இல்லை. மாம்பழத்துக்குள் கொட்டைபோல இருக்கும் என்று நினைத்தது, பாலில் போட்ட கற்கண்டுபோலக் கரைந்து கிடக்கிறது. பாறைக்கும் பனிக்கும் உரிய கனமான தனிமங்கள் ஹைட்ரஜனோடு கலந்து, ஆரத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குப் பரவியிருக்கின்றன. எல்லைக் கோடு அங்கேயும் இல்லை.

படம் அனுப்பிய தம்பி, உன் பழுப்பு வட்டத்தின் ஓரத்தை விரலால் நன்றாகத் தேய்த்துவிடு. பாதி சரியாகிவிடும்.

சனிக்கோளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்கிறார்களே, உண்மையா?
*(ஆறாம் வகுப்பு மாணவி, தேனி)*

இந்த வாக்கியத்தை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சனியின் சராசரி அடர்த்தி 0.69, தண்ணீரைவிடக் குறைவு. அது வரை உண்மை. ஆனால் சனி பந்து அல்ல, தண்ணீரில் "போட". அதற்குத் தோலே கிடையாது. அதைக் கொள்ளும் அளவுக்கு ஒரு தொட்டி கட்டினால், அந்தத் தண்ணீர் சனிக்குள் விழுந்து கலந்து முடிந்துவிடும். மேலும் சராசரி என்பது சராசரிதான்; மையத்தில் அது தண்ணீரைவிடப் பல மடங்கு கனம்.

சனியின் மையமும் கரைந்ததுதான், ஆரத்தில் 60 சதவீதம் வரை. அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சனி உள்ளுக்குள் லேசாகக் குலுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குலுக்கல் வெளியே வளையங்களில் அலைகளாகப் பதிகிறது. காசினி விண்கலம் அந்த அலைகளை அளந்து அனுப்பியது. 2021-இல் அவற்றை வைத்தே உள்ளே இருப்பதைப் படித்துவிட்டார்கள். வளையத்தை அழகுக்கு மட்டும் என்று நினைக்காதே, கண்ணு.

ஹைட்ரஜன் எரியும் வாயு. வியாழனில் ஒரு தீக்குச்சியைக் கிழித்தால்?
*(ஒரு வாசகர், ஓசூர்)*

குச்சியே பற்றாது. எரிய ஆக்சிஜன் வேண்டும். அங்கே இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் ஏற்கெனவே ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிட்டது, அதாவது எரிந்து முடிந்தது. இயற்கை கொளுத்தியும் பார்த்துவிட்டது. 1979-இல் வாயேஜர் 1 அங்கே மின்னல்களைப் படம் பிடித்தது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரத்தின் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, பூமியைவிடப் பெரிய கறைகளை உண்டாக்கின. வியாழன் பற்றிக்கொள்ளவில்லை.

குருவுக்குத் தங்கம், சனிக்கு இரும்பு என்பது மரபு. அந்தக் கோள்களில் அந்த உலோகங்கள் உண்டா?
*(ஒரு வாசகர், கும்பகோணம்)*

இரும்பு இருக்கும், மையத்தில் கரைந்த சரக்கோடு சரக்காக. தங்கம் தேடிப் போகாதீர்கள். இரண்டிலும் மிகுதியாக உள்ள உலோகம் எது என்று கேட்டால், என் பதில் ஹைட்ரஜன். மரபு எழுதியவர்களைத் திணறடிக்க இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

யுரேனஸும் நெப்டியூனும் இதே வகைதானா?
*(வங்கி ஊழியர், தூத்துக்குடி)*

பழைய புத்தகங்களில் நான்கையும் ஒரே கூடையில் போட்டிருப்பார்கள். இப்போது இவை இரண்டுக்கும் பனிக்கோள்கள் என்று தனிப் பெயர். பெயர் வைப்பதில் மறுபடியும் கோட்டைவிட்டுவிட்டார்கள், ஏனென்றால் உள்ளே சில்லென்று ஒன்றும் இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் மேலே போர்த்திய போர்வை மட்டுமே. அதன் கீழே தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் எல்லாம் கலந்து ஆயிரக்கணக்கான டிகிரிச் சூட்டில், நசுங்கிக் கொதிக்கிற ஒரு குழம்பு. பிறக்கும்போது பனிக்கட்டிகளாகத் திரண்ட பொருள்கள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நீல நிறம் மீத்தேனின் கைவண்ணம். சூரிய ஒளியில் உள்ள சிவப்பை அது விழுங்கிவிடுகிறது.

நேரில் போனது வாயேஜர் 2 மட்டும்தான்: யுரேனஸுக்கு 1986 ஜனவரியில், நெப்டியூனுக்கு 1989 ஆகஸ்டில். அதன் பிறகு எல்லாம் தொலைநோக்கியில்தான். 2018-இல் ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கி யுரேனஸின் மேகங்களுக்கு மேலே ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டுபிடித்தது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான்.

எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டியே வேதியியல் ஆய்வகம். செய்முறைத் தேர்வு நாள்களில், அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் உபகரணத்திலிருந்து கிளம்பும் அந்த வாடை சன்னல் வழியாக எங்கள் பக்கம் வந்துவிடும். வெர்னியரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் எண்ணை எழுதுவார்கள். நான் போய்ச் சன்னலைச் சாத்துவேன். சூரியனிலிருந்து 287 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோள் முழுவதற்கும் அதே வாடைதான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், சாத்துவதற்கு முன் ஒரு நிமிடம் திறந்தே வைத்துச் சொல்லியிருப்பேன்.